ஒன்றே முக்கால் வீசை

எங்கள் கட்டடத்தின் ஏழாவது மாடியில் குடியிருந்த அக்கா, ஒரு மழைக்காலம் முழுவதும் தரை துடைக்கிற மாப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு படி ஏறி இறங்கினார். காலையில் வேலைக்குப் போவதற்கு முன் மூன்று தடவை, சாயங்காலம் திரும்பி வந்ததும் மூன்று தடவை. துடைக்கிற வேலை மட்டும் எதுவும் நடக்கவில்லை. மாப்பின் நூல் கொத்து எப்போதும் காய்ந்தே இருந்தது. ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், எங்கள் தெருவில் லிஃப்ட் உள்ள கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது. ஏழு மாடிக்கு நூற்று இருபத்தாறு படி. நாலாவது மாடிக்கு மேல் படிகளின் உயரம் வேறு கூடிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கி ஏறினால் போதும் என்று மற்றவர்கள் இருக்கிற இடத்தில், ஐம்பது வயதைத் தாண்டியவர் காரணம் இல்லாமல் இப்படிச் செய்தால் எனக்கு எப்படி இருப்புக் கொள்ளும்?

நான் ஐந்தாவது மாடி. வீட்டிலேயே தையல். வெளிச்சத்துக்காக மெஷினை வாசல் ஓரம் போட்டிருந்தேன். வெளிச்சத்துக்காக இல்லை, வம்புக்காக என்பார் என் வீட்டுக்காரர். எதற்காகவோ, படியில் போகிற காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். அக்காவின் கால் தனி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஒரு கணம் நின்று, பிறகுதான் அடுத்ததற்குப் போவார். கையில் எப்போதும் ஏதாவது கனம் இருக்கும்.

அவருக்குப் போட்டாதாங் பக்கம் ஒரு கிட்டங்கியில் வேலை. கப்பலுக்குப் போகிற உளுந்தையும் துவரையையும் நிறுத்து அனுப்புகிற இடம். தராசில் ஏற்றுவதற்கு முன்பே மூட்டையின் காதைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கி எடையைச் சொல்லிவிடுவார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே பழக்கம் வீட்டிலும். எங்கள் தெருவில் எல்லாப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும். நுனியில் ஒரு கிளிப். கீழே காய்கறிக்காரர் பையை மாட்டிவிட்டுக் குரல் கொடுத்தால் மேலே இழுத்துக்கொள்வோம். அக்கா வீட்டுப் பால்கனியில் மட்டும் கயிறு கிடையாது. அரிசி, கரி, குடிதண்ணீர் எல்லாம் கையால்தான் ஏறும்.

"கயித்துல இழுத்தா கயித்துக்குத்தான் எடை தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

ஒரு பொருளைத் தூக்கிப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். என் தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கப் போனபோது அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு மோட்டாரை எடுத்து வைத்தார், விலையில் மட்டும் வித்தியாசம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கைக்கு ஒன்றாகப் பிடித்தார். "இதுல செம்புக் கம்பி கம்மி" என்று மலிவானதைத் திருப்பி வைத்துவிட்டார். கடைக்காரருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எதிர்வீட்டுப் பெண் அந்த மலிவானதைத்தான் வாங்கினாள், நாலு மாதத்தில் புகை வந்தது. என்னுடையது இன்றைக்கும் ஓடுகிறது.

என் மகளையும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வந்து தூக்குவார். கொஞ்சுவதெல்லாம் அப்புறம். முதலில் எடை. "ரெண்டே கால் வீசை" என்பார். பர்மாவில் இருக்கிற நாங்கள் இன்னும் வீசையை விடவில்லை; இங்கே ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு தடவை தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். "ரெண்டு வாரமா ஏறவே இல்ல. பால் போதல. டாக்டரம்மாகிட்டக் காட்டு" என்றார். என் பாலைக் குறை சொல்ல இவர் யார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாவது நாள் டாக்டரம்மாளும் அதையே சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மீன் குழம்பு விட்ட மொஹிங்கா நூடுல்ஸ் ஒரு பாத்திரம் வாங்கிக்கொண்டு மேலே போனேன். அதையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

வரன் பார்க்கிற வீட்டுக்காரர்கள் அபிப்பிராயம் கேட்டு வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். "மாப்பிள்ளையைத் தூக்கியா பார்க்க முடியும்? ஆளை விடுங்க" என்று அனுப்பிவிடுவார். அவர் கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் அதுதான் காரணம் என்று நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

இப்படிப்பட்டவர் மாப்பைத் தூக்கிக்கொண்டு திரிந்தால், அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். கேட்டேன். "மூட்டுக்கு நல்லது" என்றார். நான் நம்புவேனா? ஒரு நாள் சாயங்காலம் ஐந்தாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றவர், மாப்பை என் கதவில் சாய்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் எட்டி அதைக் கையில் எடுத்தேன். கை கீழே போய்விட்டது. பிளாஸ்டிக் குழாய்க்குள் ஈர மணலை அடைத்து, இரண்டு நுனியையும் மூடி, ஒரு பக்கம் மாப்பின் தலையைக் கட்டியிருந்தார்.

"இது என்ன அக்கா?"

"ஒன்றே முக்கால் வீசை" என்றார். அது பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "துப்பாக்கி" என்றார், உப்பு என்று சொல்கிற குரலில்.

நான் போய் ஜன்னலையும் சாத்தினேன். எங்கள் ஊரில் இப்போது அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. பட்டாளத்துக்காரர்கள் தெருமுனையில் நிறுத்தி ஃபோனை வாங்கிப் பார்க்கிற காலம். அதற்காகத்தான் மாப்புத் தலை என்று அப்போது புரிந்தது.

"எனக்கில்ல புள்ள. அமெரிக்காவுல இருக்கிற தம்பிக்கு. மலையில மான் சுடப் போறான். எந்தத் துப்பாக்கி வாங்கறதுன்னு என்னைக் கேட்டிருக்கான்."

அந்தத் தம்பியை எனக்கும் கொஞ்சம் தெரியும். பர்மாவின் மேற்கே உள்ள சின் மலைக்காரன். அக்காவின் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவன். அக்கா வாயில் எப்போதும் 'தம்பி' என்பதால் எனக்கும் அப்படியே வந்துவிட்டது. அவன் மலேசியா போய், அங்கிருந்து அமெரிக்கா போய், ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே உயரமான மலைகளில் எல்க் என்று ஒரு மான் இருக்கிறதாம். நம் கடமானைவிடப் பெரியது. அதைச் சுட அரசாங்கம் வருஷத்துக்கு இத்தனை பேருக்கு என்று அனுமதிச் சீட்டுக் கொடுக்கும். அந்த வருஷம் அவனுக்கு முதல் தடவையாகக் கிடைத்திருந்தது. சொந்த மலையை விட்டு வந்த பிறகு அவன் ஒரு மலைகூட ஏறியதில்லை. அவன் அப்பா வேட்டைக்காரர். அவனுக்கு இது மான்கறிக்கான சீட்டு மட்டும் இல்லை.

அவனுக்கு ஆங்கிலம் பேச வரும், படிக்க வராது. அக்காவுக்குப் படிக்க வரும். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவர், கப்பல் கடிதமெல்லாம் அவர்தான் வாசிப்பார். அமெரிக்காவில் மான் சுடுகிற துப்பாக்கியைப் பற்றி ரங்கூனில் உளுந்து நிறுக்கிறவரிடம் கேட்கிறானே என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால், எடையைப் பற்றி அவன் வேறு யாரிடம் கேட்பான்?

கடைக்காரர்கள் அவனுக்கு மூன்று துப்பாக்கி காட்டியிருந்தார்கள். அவன் அனுப்பிய விவரங்களை அக்கா ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொண்டு ஃபோனிலிருந்து அழித்துவிட்டார். நோட்டில் துப்பாக்கி என்ற சொல்லே இல்லை. முதல் குடை, இரண்டாவது குடை, மூன்றாவது குடை. முதலாவதற்கு மரக் கட்டை, பெரிய குண்டு. தொலைநோக்கி எல்லாம் சேர்த்து இரண்டரை வீசை. இரண்டாவதற்கு அதே பெரிய குண்டு, ஆனால் கட்டை ஏதோ லேசான பொருளில் செய்தது. மொத்தமே ஒன்றே முக்கால் வீசை. மூன்றாவதும் அதே ஒன்றே முக்கால்தான், குண்டு மட்டும் சின்னது. தூரத்திலிருந்து அடித்தால் அவ்வளவு பெரிய மானை அது வீழ்த்துமா என்று சந்தேகம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டாவதுதான். லேசும் ஆச்சு, வலுவும் ஆச்சு" என்றேன்.

"கடைக்காரனும் அதைத்தான் சொன்னானாம். உதையை யாரு வாங்கறது?"

அப்போதுதான் எனக்கு விளக்கினார். குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும். கனமான துப்பாக்கி அந்த இடியில் நிறையத் தானே வாங்கிக்கொள்ளும். லேசான துப்பாக்கி எல்லாவற்றையும் தோளிடம் கொடுத்துவிடும். அதாவது, மலை ஏறுகிற வரைக்கும் லேசு நல்லது, சுடுகிற அந்த ஒரு நொடிக்குக் கனம் நல்லது. இரண்டையும் ஒரே ஆள்தான் சுமக்க வேண்டும்.

"அதிலயும் அவன் தோள்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மாப்பை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து மிச்சக் கதை எனக்குத் தெரியும். அவரோடு வேலை பார்த்த பெண்மணி ஒருத்தி என்னிடம் ரவிக்கை தைக்க வந்தபோது சொல்லியிருந்தாள். அது நடந்து ஆறேழு வருஷம் இருக்கும். நல்ல மழை. படகு கிளம்ப அவசரப்பட்டது. படகுத்துறையில் பலகைப் பாலம் போட்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிட்டங்கிக் கூரை ஒழுகிக் கடைசி அடுக்கு மூட்டைகள் நனைந்திருந்தது யாருக்கும் தெரியாது. உளுந்து தண்ணீர் குடித்தால் எவ்வளவு கனக்கும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் ஒரு மூட்டையைத் தூக்கித் தம்பியின் வலது தோளில் ஏற்றினார்கள். அவன் நின்று, அக்காவைப் பார்த்து, "அமா, இது சரியான எடைதானா?" என்று கேட்டிருக்கிறான். பர்மியப் பேச்சில் அமா என்றால் அக்கா. இவர் கையில் குடையும் எடைச் சீட்டுகளுமாக நின்றிருக்கிறார். மூட்டையைத் தொடவில்லை. சீட்டைப் பார்த்து, "அம்பது கிலோதான், போ" என்றார். பலகையின் நடுவில் போகும்போது அவன் காறை எலும்பு முறிந்தது. மூட்டை ஆற்றுக்குள் போயிற்று. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது.

தூக்கிப் பார்க்காமல் அக்கா சொன்ன ஒரே எடை அதுதான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் படி ஏற்றம் வேடிக்கையாக இல்லை. குழாயில் இன்னும் மணல் சேர்த்து இரண்டரை வீசையாக்கி ஒரு மாதம் சுமந்தார். "நாலாவது மாடிக்கு மேல இது ரெண்டரை இல்ல, நாலு" என்று முதல் குடையைத் தள்ளினார். ஒன்றே முக்காலைத் தூக்கிக்கொண்டு ஆறு தடவை ஏறி, கடைசித் தடவையும் என்னோடு நின்று பேச மூச்சு மிச்சம் இருந்தது. ஆகவே லேசானதுதான் என்று முடிவாயிற்று. ஆனால் பெரிய குண்டா, சின்னக் குண்டா? உதையைத் தூக்கிப் பார்க்க வழி இல்லையே.

அதற்கும் வழி கண்டுபிடித்தார். துப்பாக்கியின் உதைக்கு ஒரு கணக்கு இருக்கிறதாம், இத்தனை பவுண்டு கனத்தை ஓரடி உயரத்திலிருந்து விட்டால் எவ்வளவு இடிக்குமோ அவ்வளவு என்று. அதை வீசைக்கு மாற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு இரண்டு மணல் பையோடு வந்தார். பெரிய குண்டுக்கு எட்டு வீசை, சின்னக் குண்டுக்கு நாலு வீசை. என் மகளின் தொட்டில் கொக்கியில் பையைக் கட்டித் தொங்கவிட்டார். எதிரே முக்காலியில் உட்கார்ந்து, மாப்புக் குழாயின் அடியை வலது தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பையை ஓரடி மேல போற மாதிரி பின்னால இழுத்து விடு. குழாய் நுனியில இடிக்கணும்."

"அக்கா, உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

"இழு புள்ள."

நாலு வீசைப் பையை விட்டேன். டொக் என்று இடித்தது. அக்கா ஆடினார், அவ்வளவுதான். தலையை ஆட்டிக்கொண்டார். எட்டு வீசையைக் கட்டினோம். விட்டேன். முக்காலியோடு பின்னால் போய் என் தையல் மெஷினில் மோதினார். பாபின் டப்பா கவிழ்ந்து நூல் கண்டுகள் கட்டிலுக்கு அடியில் ஓடின. மகள் கை தட்டினாள். அக்கா எழுந்து, முக்காலியை நேராக்கி, மறுபடி குழாயைத் தோளில் வைத்தார். மூன்று தடவை. மூன்றாவது தடவை அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போதும் அக்கா, நான் விட மாட்டேன்" என்று பையை அவிழ்த்தேன். தோளில் இருந்து ரவிக்கையை விலக்கிப் பார்த்தால் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே சொன்னேன்: "இத்தனை பாடு எதுக்கு? அந்தத் தம்பியையே கேளுங்களேன். தோள் இப்போ எப்படி இருக்கு, உதை தாங்குமான்னு. ஒரு வார்த்தைதானே."

"அதைக் கேக்க முடியாது."

"ஏன்?"

ரவிக்கையை இழுத்து விட்டுக்கொண்டு நூல் கண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார். அந்த ஆறேழு வருஷத்தில் இருவரும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார்கள். அவன் பிள்ளைகள், பனி, சம்பளம், அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் பேசியிருக்கிறார்கள். தோளைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவன் எடுத்ததில்லை, இவர் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் அதற்கு அடுத்த பேச்சு என்ன என்று இவருக்குப் பயம். எனக்கு அவர் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. முக்காலியிலிருந்து விழுவதற்குத் துணிச்சல் இருக்கிறது, ஒரு கேள்வி கேட்க இல்லை.

மறுநாள் முடிவைச் சொன்னார். மூன்றாவது குடை.

"குண்டு சின்னது அக்கா. மான் பெரிசு. அவனுக்குக் கிடைச்ச ஒரே சீட்டு. அடிபட்டுட்டு ஓடிப்போச்சுன்னா?"

"பக்கத்துல போய்ச் சுடட்டும். தூரத்திலிருந்து சுடறதுக்குத்தான் பெரிய குண்டு. வலுவு குறைஞ்சா நடந்து சரிக்கட்டலாம். நடக்கறதுக்குத்தான் கையில லேசா இருக்குதே. தோள் ஒடிஞ்சா எதை வெச்சுச் சரிக்கட்டறது?"

துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் அப்படிச் சொன்னதை நான் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு இன்றைக்கும் ஓட்டை தெரியவில்லை. தம்பியிடம் ஃபோனில் அவர் சொன்னது இன்னும் சுருக்கம். "மூணாவது குடை. மழை பக்கத்துல வர்ற வரைக்கும் விரிக்காதே." அவன் ஏன் என்று கேட்கவில்லை. "அமா சொன்னா சரி" என்று அந்த வாரமே வாங்கிவிட்டான்.

பிறகு இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு வேட்டைக் காலம் தொடங்கிவிட்டது. அக்கா கிட்டங்கிக்குப் போனார், வந்தார். மாப்பு மூலையில் நின்றது. படியில் அவர் கால் சத்தம் மட்டும் மாறிப்போயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் கூடுதலாக நின்றார். "தூக்கிப் பார்க்காம வாங்க வெச்சுட்டேனோ" என்று ஒரு தடவை என்னிடம் கேட்டார். "இதுக்கு மேல எப்படித் தூக்கறதாம்?" என்றேன். அவருக்கு அது போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டில் இருக்கும்போது அழைப்பு வந்தது. முறை வைத்துக் கொடுக்கிற கரண்ட் அன்றைக்கு எங்கள் வரிசைக்கு இருந்தது. இணையத் தடையைத் தாண்டுகிற வி.பி.என். மூன்று தடவை அறுந்து நாலாவது தடவை படம் தெளிந்தது. தம்பி ஒரு கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் வெள்ளையாக மலை. மூக்கு சிவந்திருந்தது. வாய் நிறையச் சிரிப்பு. எல்லாம் பர்மிய பாஷையில் பேசினார்கள்.

"கிடைச்சிடுச்சு, அமா. மூணு நாள் ஏறினேன். அம்பது தப்படி வரைக்கும் பக்கத்துல போனேன். ஒரே குண்டு. நின்ன இடத்துலயே விழுந்துடுச்சு."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான்தான் பக்கத்திலிருந்து, "எப்படிச் சுட்டே, காட்டு பார்ப்போம்" என்றேன். ஃபோனைக் கார் மேல் சாய்த்து வைத்துவிட்டு அவன் துப்பாக்கியை எடுத்தான். அதில் குண்டு இல்லை என்று திறந்து காட்டினான். பிறகு மலைப் பக்கம் திரும்பி அதைத் தோளில் வைத்தான்.

இடது தோளில் வைத்தான்.

அக்காவின் தலை ஆடுவது நின்றது. "ஏன் அந்தப் பக்கம் வெக்கிறே?"

"இந்தப் பக்கம்தான், அமா."

"எப்போ இருந்து?"

அவன் துப்பாக்கியை இறக்கினான். "வலதுல வெச்சா எலும்பு குத்துது. இங்க வந்து பழகும்போதே இடதுக்கு மாறிட்டேன்."

"குண்டு ஏத்தற கைப்பிடி வலது பக்கமில்ல இருக்குது. ஒவ்வொரு குண்டுக்கும் கையைத் தாண்டிப் போட்டு இழுக்கணுமே. இடது கைக்காரங்களுக்குன்னே தனியா செய்யறாங்க தம்பி. நான் படிச்சேன். உனக்குத் தேவைப்படாதுன்னு அந்த விவரத்தையே விட்டுட்டேன்." அக்கா ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். "ஏன் சொல்லல?"

"ஒரு குண்டுக்கு எந்தப் பக்கம் இருந்தா என்ன? எங்கப்பா துப்பாக்கியில ஒரு தடவைக்கு ஒன்னுதான் போட முடியும்."

"ஏன் சொல்லலன்னு கேட்டேன்."

அவன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்: "சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு, அமா."

அக்கா தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். கன்றல் எப்போதோ ஆறிவிட்டது. ஆனாலும் கை அங்கேதான் போயிற்று. நான் எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும், போகவில்லை. இத்தனை நாள் அந்தக் கேள்வியைக் கேளுங்கள் கேளுங்கள் என்று நச்சரித்தவளுக்கு அப்போது அதைக் காதால் கேட்கப் பயமாக இருந்தது.

"அன்னிக்கு அந்த மூட்டையை நான் தூக்கிப் பார்க்கல" என்றார் அக்கா. "ஆத்துக்குள்ள போயிட்டதால அதுக்கப்புறமும் யாரும் நிறுக்கல. எவ்வளவு இருந்துது, தம்பி? உனக்குத்தான் தெரியும்."

"எழுபத்தஞ்சு. அதுக்கு மேலயும் இருக்கும்."

"பலகையில நடக்கும்போது தெரிஞ்சுதா?"

"தோள்ல வெச்சதுமே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா தூக்கிட்டுப் போனே?"

"நீங்க அம்பதுன்னு சொன்னீங்களே, அமா" என்றான் அவன். அதில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. "உங்க கணக்கு தப்பாகாது. நான்தான் காலையில சரியா சாப்பிடல, அதான் கனமா தெரியுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அக்கா ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் இல்லாமல், ரொம்ப நேரம். "அமா, அமா" என்று அவன் மடிக்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபோனை நிமிர்த்தினார்.

"இனிமே என்னைக் கேக்காதே தம்பி" என்றார். "தோள் என்ன சொல்லுதோ அதை நீ எனக்குச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்."